தலைமாட்டில் இருப்பவர்

நம் ஊர்களில் ஒரு குடும்பத்தில் யாருக்கேனும் ஆபரேஷன் என்று தீர்மானமாகிவிட்டால், அதைச் செய்யப் போகிற சர்ஜன் யார், எங்கே படித்தவர், கைராசிக்காரர்தானா, இதே சிகிச்சையை இதற்கு முன் யார் யாருக்குச் செய்து சுகப்படுத்தியிருக்கிறார் என்பதையெல்லாம் உற்றார் உறவினரிடமும், மருந்துக் கடைக்காரரிடமும், அதே ஆபரேஷனுக்கு ஆளாகி எழுந்த தூரத்துப் பந்து ஒருவரிடமும் விசாரித்துத் தெளியாமல் யாரும் ஆஸ்பத்திரிப் படியேறுவதில்லை. நாளும் நட்சத்திரமும் பார்த்துத் தேதி குறிக்கிறவர்களும் உண்டு. ஆனால், அந்த நோயாளியை நினைவிழக்கச் செய்து, அவருடைய சுவாசத்தைத் தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, கத்தியின் வேலை முடிந்த பிறகு அவரைப் பத்திரமாகப் பிரக்ஞைக்குக் கொண்டுவந்து சேர்க்கப் போகிற மயக்க மருத்துவர் யார் என்று கேட்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சௌக்கியமாக வீடு திரும்பிய பின் சர்ஜன் வீட்டுக்குப் பழத்தட்டும் நன்றியும் போகின்றன. மற்றவருடைய பெயரைச் சொல்லுங்கள் என்றால் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திராது. இது மரியாதைக் குறைவோடு நின்றுவிடுகிற விஷயமாயிருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. நோயாளியின் உயிர்க்காவலோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஓர் அலட்சியம் இது என்பதனாலேயே எழுத வேண்டியிருக்கிறது.

மயக்க டாக்டர் வந்து ஓர் ஊசி போடுவார், நோயாளி தூங்கிவிடுவார், அத்துடன் அவர் வேலை முடிந்தது, பிறகு நடப்பதெல்லாம் சர்ஜனின் சாமர்த்தியம் என்பதே பெரும்பாலோருடைய எண்ணம். மெய்யாகவே நடப்பது வேறு. முதலில் அவர் நோயாளியின் முகத்தில் மாஸ்க் ஒன்றைப் பொருத்தி, சுத்தமான பிராணவாயுவை மூன்று நிமிஷ நேரம் நிதானமாக இழுத்துவிடச் சொல்கிறார். அடுத்து நேரப் போகிற மூச்சற்ற இடைவேளைக்கு நுரையீரலில் கையிருப்பு வேண்டுமல்லவா? பிறகு கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகப் பால் போல் வெளுத்த புரோபோஃபால் என்னும் மருந்து ஏறுகிறது. ஒரு நிமிஷம் ஆவதற்குள் பேச்சு நின்று, இமையைத் தொட்டாலும் அசைவற்றுப் போகிறது. தொடர்ந்து தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சென்றுவிட்டால், அந்த மனிதரால் தாமாக ஒரு மூச்சுக்கூட இழுக்க இயலாது. உடனே லாரிங்கோஸ்கோப்பின் வெளிச்சத்தில் நாக்கை ஒதுக்கி, குரல்நாண்களைக் கண்ணால் கண்டு, அவற்றினிடையே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அது தவறி உணவுக்குழலில் இறங்கிவிடவில்லை என்பதை மார்பின் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டும், வெளிவரும் மூச்சில் கரியமிலவாயு இருப்பதைக் கருவியின் திரையில் பார்த்தும் நிச்சயப்படுத்திக்கொள்கிறார். உயிரோடிருக்கும் ஒருவருடைய மூச்சை வேண்டுமென்றே நிறுத்தி, நிறுத்திய கையாலேயே அதை ஏற்று நடத்துகிற இந்தக் காரியத்தைப் போலப் பொறுப்பு மிகுந்தது வைத்திய சாஸ்திரத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு மணி நேரமோ ஆறு மணி நேரமோ, மேசையின் தலைமாட்டில் அவர் இருந்தாக வேண்டும். நோயாளியின் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி கீழே இறங்கும். பழுத்த அனுபவமுள்ள மயக்க மருத்துவர், வேறொரு மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, சுருதி ஓர் இழை இறங்கியதைக் காதால் உணர்ந்து, திரையைப் பார்ப்பதற்கு முன்பே குழாயின் பக்கம் கையைக் கொண்டுபோய்விடுவார். ரத்தம் எவ்வளவு போயிற்று, சிறுநீர் எவ்வளவு இறங்கியது, உடம்பு குளிர்ந்துவிட்டதா, ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது, வலி உறைக்கிறதா என்று அவர் கணந்தோறும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அநேகம். எல்லாம் முடிந்து தையல் போட்டான பின், தளர்ச்சி மருந்துக்கு மாற்று மருந்து கொடுத்து, காதருகே குனிந்து, “அம்மா, கண்ணைத் திறங்க; என் கையை இறுக்கிப் பிடிங்க; தலையைத் தூக்குங்க” என்று சொல்லி, அந்த அம்மாள் தலையைத் தூக்கி ஐந்து எண்ணும் வரை தாங்குகிறாரா என்று பார்த்த பிறகே குழாயை எடுக்கிறார். அப்பொழுதும் அபாயம் தீர்ந்தபாடில்லை. அரைமயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடுவது, யார் கண்ணிலும் படாத மூலையில் ஸ்ட்ரெச்சரோடு விடப்பட்ட நோயாளிக்கு எந்தச் சமயத்திலும் நேரக்கூடியது.

தமிழ்நாட்டில் இந்த மருத்துவரை அறியாத குடும்பம் இனி இருக்க நியாயமில்லை. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே நிகழும் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். அவ்வளவு வேண்டுமா என்பது தனியே விவாதிக்க வேண்டிய விஷயம். அதில் நான் இப்பொழுது புகவில்லை. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் முதுகில் ஊசி போடப்பெற்று, நினைவோடிருந்தபடியே குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறவர்கள். கர்ப்பிணியை உட்கார வைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, இடுப்பு முள்ளெலும்புகளின் இடைவெளியை விரலால் தடவிப் பார்த்து, மயிர்போல் மெல்லிய ஊசியை மெல்ல மெல்லச் செலுத்துகையில், அதன் அடியில் பளிங்கு போன்ற ஒரு சொட்டு நீர் துளிர்க்கும். ஊசி உரிய இடத்தை அடைந்ததற்கு அதுவே அத்தாட்சி. சில நிமிஷத்துக்குள் கால்கள் கனத்து, வயிற்றில் ஸ்பிரிட் பஞ்சை வைத்தால் குளிர்ச்சி தெரியாமல் போகிறது. அந்த வேளையில் அந்தப் பெண், “வாந்தி வர்ற மாதிரி இருக்கு, டாக்டர்” என்று ஈனக்குரலில் சொன்னால், ஏதோ பயத்தில் சொல்கிறாள் என்று பக்கத்திலிருப்பவர்கள் எண்ணக்கூடும். மயக்க மருத்துவருக்கு அது ரத்த அழுத்தம் சரிகிறது என்பதற்கான முதல் முன்னறிவிப்பு. கருவிலிருக்கும் சிசுவுக்குப் போகிற ரத்தமும் அதனுடன் குறையும் என்பதால், மேசையை இடப்புறமாகச் சற்றுச் சாய்த்து, அழுத்தத்தை உயர்த்தும் மருந்தை அந்தக் கணமே ஏற்றிவிடுகிறார். இரண்டு உயிர்கள் அந்த ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொள்ளும் மனிதர் அருகிலிருப்பதைப் பொறுத்திருக்கின்றன.

முதுகில் போட்ட ஊசியால் ஆயுசு முழுவதும் இடுப்புவலி என்று நம் தாய்மார்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் தளர்ந்த மூட்டுகளும், குழந்தையைத் தூக்கிச் சுமந்து குனிந்து பால் கொடுக்கும் நாட்களும், சுகப் பிரசவமான பெண்களுக்கும் அதே வலியைக் கொடுக்கின்றன என்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஊசி போட்ட இடம் சில நாள் வலிப்பதோடு சரி. எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளப்பதும் படுத்தால் தணிவதுமான தலைவலி சிலருக்கு வருவது மெய். அதற்குப் பரிகாரம் உண்டு, சொன்னால்தான் கிடைக்கும்.

இந்தத் துறையின் சரித்திரத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகும். 1846ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரை முகரச் செய்து, நோயாளி அலறாமல் கழுத்துக் கட்டியை அறுத்தெடுக்க வழி செய்ததை உலகம் கொண்டாடிற்று. அடுத்த ஆண்டே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அதே 1847இன் இறுதியில் எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற டாக்டர் குளோரோஃபாரத்தைக் கொண்டுவந்தார். மூன்று மாதம் முடிவதற்குள், 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் நியூகாஸிலுக்கருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால்விரல் நகமொன்றை எடுப்பதற்காக அந்த மருந்து கொடுக்கப்பட்டுச் சில நிமிஷத்தில் இறந்துபோனாள். நகத்துக்காகக் கொடுத்த மருந்து உயிரைக் கொண்டுபோயிற்று. சின்ன ஆபரேஷன் உண்டு, சின்ன மயக்கம் என்று ஒன்று கிடையாது என்பதை அன்று முதலே வைத்திய உலகம் அறிந்திருக்க வேண்டும். அறிய நெடுநாள் பிடித்தது.

குளோரோஃபாரம் ஏன் கொல்கிறது என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சி நம் தக்காணத்து ஹைதராபாத்தில் பெரிய அளவில் நடந்தது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 1888லும் 1889லும் நைஜாமின் பொருளுதவியோடு அங்கே இரண்டு கமிஷன்கள் அமைந்தன. அங்கிருந்த மெடிக்கல் ஸ்கூலின் தலைவர் எட்வர்ட் லாரி அவற்றை முன்னின்று நடத்தினார். இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற டாக்டர் வந்து சேர்ந்தார். அந்தப் பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்துன்ஜி என்ற பார்ஸி மாது குளோரோஃபாரம் கொடுப்பதிலேயே தேர்ச்சி பெற்று, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலராலும் குறிக்கப்படுகிறார். இதயம் நிற்பதற்கு முன் சுவாசம் நிற்கிறது, ஆகையால் நாடியைப் பார்த்துக்கொண்டிராமல் மூச்சைக் கவனியுங்கள் என்பது லாரியின் சித்தாந்தம். இலேசான குளோரோஃபார மயக்கத்தில் இதயமே தாளம் கெட்டு நின்றுவிடக்கூடும் என்பதை 1911இல் குட்மன் லெவி என்ற டாக்டர் நிரூபித்தபோது, அந்தச் சித்தாந்தத்தின் பாதி வீழ்ந்தது. மற்றப் பாதி, அதாவது ஒருவர் வேறு வேலை எதுவுமின்றி மூச்சையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது, இன்றளவும் நிற்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவின் மின்னஸோட்டாவில் ஆலிஸ் மகா என்ற நர்ஸ், 14,000க்கும் மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்தும் மயக்கத்தால் ஒரு சாவும் நேரவில்லை என்று 1906இல் எழுதினார். அவரிடம் இன்றைய கருவி ஒன்றுமில்லை. ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி, நோயாளியிடம் இதமாகப் பேசிக்கொண்டு, முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தார்.

கருவிகள் பிறகு வந்தன. ஜப்பானிய இஞ்சினீயர் தக்குவோ அவோயாகி 1970களில் வகுத்த தத்துவத்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிடைத்தது. ஆயினும், ஹார்வர்ட் ஆஸ்பத்திரிகள் 1986இல் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளில் முதலாவது இடம் எந்தக் கருவிக்கும் தரப்படவில்லை. மயக்கம் நடைபெறும் நேரம் முழுவதும் மயக்க மருத்துவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்பதற்கே தரப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் பத்தாயிரம் பேருக்கு இருவராக இருந்த மயக்க மரணம், இரண்டு மூன்று லட்சம் பேருக்கு ஒருவராகக் குறைந்தது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்றின் 1999ஆம் வருஷத்து அறிக்கை கூறுகிறது. வைத்தியத்தின் வேறெந்தக் கிளைக்கும் இத்தனை குறுகிய காலத்தில் இப்படியொரு பெருமை வாய்த்ததாகத் தெரியவில்லை. மூச்சைக் காக்கும் அந்த வித்தையே ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியேயும் வந்திருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி, குழந்தைகள் மூச்சுத் தசை செயலற்று இறந்துகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை முறைபோட்டு உட்கார வைத்து, பையைக் கையால் அமுக்கி வாரக்கணக்கில் மூச்சுக் கொடுக்கச் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே பிறந்தது. கொரோனாவின்போது வெண்டிலேட்டர்களுக்கருகே கவச உடையில் வேர்த்து நின்றவர்களில் கணிசமானவர்கள் இந்தத் துறையினர்தாம்.

இவ்வளவும் இருக்க, நம் சிற்றூர்களில் நடைமுறை எப்படியிருக்கிறது? சிறிய நர்ஸிங் ஹோம்களுக்குச் சொந்தமாக மயக்க மருத்துவர் கிடையாது. ஒருவரே காலையில் ஒரு நர்ஸிங் ஹோமில் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கும், அது முடிந்த கையோடு ஊரின் மறுகோடியில் எலும்பு முறிவுக்கும், நடுநிசியில் இன்னொரு சிசேரியனுக்கும் மருந்துப் பெட்டியுடன் ஓட வேண்டியிருக்கிறது. நோயாளியை அவர் முதன்முதல் பார்ப்பதே மேசையின் மேல்தான். ஆஸ்த்துமா உண்டா, சென்ற முறை மயக்கம் கொடுத்தபோது ஏதேனும் கோளாறு நேர்ந்ததா, வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்கு எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் அங்கே, அவசரத்தில், பாதி பயத்திலிருக்கும் ஒருவரிடம் விசாரிக்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் அந்த எளிய பரீட்சையை வகுத்து 1985இல் உலகுக்குத் தந்தவர், ஆந்திர நாட்டில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய டாக்டர் மல்லம்பட்டி. குழாய் போடுவது கஷ்டமாயிருக்குமா என்பதை முன்கூட்டி ஊகிக்க உதவுவது அது. முன்கூட்டிப் பார்த்தால்தானே முன்கூட்டி ஊகிக்க முடியும்? அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டேயிருக்க, நோயாளி முழுதும் விழிப்பதற்கு முன்பே புறப்பட்டுவிட நேர்வதும் உண்டு. அவரைக் குறைகூறுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவருக்கென்று தனிக் கட்டணம் பேசாமல் சர்ஜனின் கட்டணத்திலிருந்து கிள்ளிக் கொடுக்கிற வழக்கமும், முன்நாள் பரிசோதனைக்கு ஒரு காசும் கணக்கில்லாத ஏற்பாடும், எண்ணிக்கைக் குறைவும் சேர்ந்து அவரை அப்படி ஓட வைக்கின்றன.

எண்ணிக்கைக் குறைவு மெய்யானது. லட்சம் ஜனங்களுக்குக் குறைந்தது 5 பேராவது வேண்டுமென்று உலக மயக்க மருத்துவர் சங்கங்களின் சம்மேளனம் சொல்கிறது. அதை நம் தேசம் எட்டவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்று வருஷம் படித்து எம்.டி. பட்டம் பெறுகிறவர்கள் பெரிய நகரங்களை நாடுவது இயற்கை. பிரசவ அவசரத்துக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரப் பயிற்சியளிக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு நடத்திவந்திருக்கிறது. நிபுணர் ஒருவருமில்லாத இடத்தில் தாய் ஒருத்தி ரத்தம் பெருகிச் சாவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். அதை நான் வரவேற்கிறேன். ஆனால், அந்தத் தற்காலிகப் பாலத்தையே நிரந்தரச் சாலையாக எண்ணிவிடக் கூடாது. சீமாங் மையங்கள் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அரசு மகப்பேறு நிலையங்கள் ஒவ்வொன்றிலும், இரவும் பகலும் மாறி மாறி இருக்கத்தக்க அளவுக்கு மயக்க மருத்துவர் பதவிகளை உண்டாக்கி, உண்டாக்கியவற்றைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் பணிபுரிய ஒப்புகிறவர்களுக்குக் குடியிருப்பும் கூடுதல் ஊதியமும் தருவது வீண் செலவாகாது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பதிவுச் சான்று புதுப்பிக்கும்போது, முன்நாள் பரிசோதனையின் எழுத்துக் குறிப்பும், மயக்கத்தின் போக்கை ஐந்து நிமிஷத்துக்கொருதரம் பதிந்த தாளும், விழித்தெழும் அறையும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

நோயாளியின் பக்கத்திலும் கடமை உண்டு. ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாதென்றால், அது ஆஸ்பத்திரியின் முரட்டுப் பிடிவாதமன்று. மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலேறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தெளிந்த தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பெரும்பாலோர் குடிக்கலாம். அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பசியில் அழும் பிள்ளையின் முகம் பொறாமல், யாரும் பார்க்காதபோது ஒரு பிஸ்கெட்டை வாயில் வைத்துவிட்டு, கேட்டால் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சாதிக்கும் தாயின் அன்பு எனக்குப் புரிகிறது. அந்தப் பிஸ்கெட்டைச் சொல்லிவிட்டால் ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், சொல்லாவிட்டால் என்ன போகுமென்று அவள் அறிய வேண்டும். ஆடுகிற பல், கழற்றி மாட்டும் பல்செட், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, சிகரெட், மது எதையும் மறைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கையில் சொல்லக் கூச்சமாயிருந்தால், அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது, சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: மயக்கம் கொடுக்கப் போகிற டாக்டரின் பெயர் என்ன, அவர் நோயாளியை முன்னதாக எப்பொழுது வந்து பார்ப்பார், நோயாளி நன்றாக விழித்துப் பேசும் வரை அவர் அங்கே இருப்பாரா. அவசர ஆபரேஷனானால் முதலும் மூன்றுமாவது கேட்கலாம். இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில், அவசரமில்லாத எந்த ஆபரேஷனுக்கும் சம்மதிக்காதீர்கள்.